கவிழ்ந்த கோப்பை, அணைந்த விளக்கு: டச்சு ஸ்டில் லைஃப் ஓவியங்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மேசை. அதன் மேல் பாதி சீவிய எலுமிச்சை, தோல் சுருள் சுருளாக விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. திறந்த சிப்பிகள், ரொட்டி, கவிழ்ந்து கிடக்கும் ஒரு வெள்ளிக் கோப்பை, அதற்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தங்க முலாம் பூசிய கோப்பை. ஹார்லெம் நகரத்து வில்லெம் க்ளாஸ் ஹேடா 1635-இல் வரைந்த இந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் "என்ன தத்ரூபம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நின்றால் வேறொன்று உறைக்கும். இந்த மேசையில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கோப்பையை நிமிர்த்திவைக்கக்கூட இல்லை.

இப்படி அசையாப் பொருள்களை வைத்து வரைந்த 'ஸ்டில் லைஃப்' ஓவியங்களைப் பற்றித் தேடினால் ஒரு பட்டியல்தான் முதலில் கிடைக்கும்: மண்டை ஓடு என்றால் மரணம், எலுமிச்சை என்றால் வெளியே அழகு உள்ளே புளிப்பு, பட்டாம்பூச்சி என்றால் ஆன்மா. இந்தப் பட்டியல்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கனவுப் பலன் பார்ப்பது போல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பலன் எழுதிக்கொண்டு போனால், கடைசியில் எல்லா ஓவியமும் ஒரே ஓவியமாகிவிடும். நான் பழகிய வழி வேறு. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளை அநேகமாக 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்திலிருந்தே எடுக்கிறேன், ஏனென்றால் இந்தக் கலை அங்கேதான் முழு வளர்ச்சி கண்டது. 'ஸ்டில் லைஃப்' என்ற பெயரே 1650 வாக்கில் புழக்கத்துக்கு வந்த 'ஸ்டில்லேவன்' என்ற டச்சுச் சொல்லின் வழி வந்ததுதான். அதற்கு முன்னால் 'காலை உணவு', 'விருந்து', 'பூந்தொட்டி' என்று வகை வகையாகத்தான் பெயர் சொன்னார்கள்.

முதல் படி: பெயரெச்சத்தோடு எழுதுங்கள்

ரைக்ஸ் மியூசியம், ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹாயிஸ், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் எல்லாமே தங்கள் ஓவியங்களின் பெரிய அளவுப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். விளக்கக் குறிப்பைப் படிக்காதீர்கள். ஒரு தாளில், கண்ணில் படுகிற பொருளையெல்லாம் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் பொருளையும் வெறும் பெயராக எழுதக் கூடாது. முன்னால் ஒரு பெயரெச்சம் வேண்டும்.

'கோப்பை' என்று எழுதாதீர்கள். 'கவிழ்ந்த கோப்பை' என்று எழுதுங்கள். 'விளக்கு' அல்ல, 'இப்போதுதான் அணைந்த விளக்கு'. 'எலுமிச்சை' அல்ல, 'பாதி சீவி விட்ட எலுமிச்சை'. கத்தியா? 'மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி'.

பள்ளிக்கூடத்து இலக்கண வேலை போலத் தோன்றும். ஆனால் இந்த வழிகாட்டியில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். ஒரு பொருள் எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் அதன் பெயரில் இல்லை, அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. நிமிர்ந்து, ஒயின் நிறைந்து நிற்கும் கண்ணாடிக் கோப்பை விருந்து. அதே கோப்பை காலியாகச் சாய்ந்து கிடந்தால் விருந்து முடிந்துபோனது. கோப்பை ஒன்றுதான்.

பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல்தான் ஈ, எறும்பு, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரொட்டித் துணுக்கு எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: அதில் நேரம் எவ்வளவு என்று பாருங்கள்

பெயரெச்சங்களை எழுதி முடித்ததும் அவற்றை மட்டும் மறுபடி படியுங்கள். அணைந்த, கவிழ்ந்த, உரித்த, உதிர்ந்த, அறுந்த. எல்லாமே இறந்தகாலம். இதில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அது நடந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதுதான்.

பீட்டர் க்ளாஸ் 1628-இல் வரைந்த ஒரு சிறிய பலகை ஓவியம் மெட்ரோபாலிடனில் இருக்கிறது. வெறும் 24 சென்டிமீட்டர் உயரம், 36 சென்டிமீட்டர் அகலம். பல் உதிர்ந்த மண்டை ஓடு, இறகுப் பேனா, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, ஒரு எண்ணெய் விளக்கு. படத்தைப் பெரிதாக்கி அந்த விளக்குத் திரியைப் பாருங்கள். இலேசாகப் புகை எழும்புகிறது. ஊதி அணைத்த திரி எவ்வளவு நேரம் புகையும்? சில நொடிகள். மண்டை ஓட்டுக்கு வயது பல வருடம். விளக்கு அணைந்ததோ இந்த நிமிடம். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே பழுப்பு நிறத்தில் வைத்திருக்கிறார். மண்டை ஓடு மட்டும் இருந்திருந்தால் அது யாரோ ஒருவருடைய சாவு. பக்கத்தில் அந்தப் புகை இருப்பதால்தான் பார்ப்பவருக்கு நெஞ்சில் தைக்கிறது.

இதே கண்ணோடு ஹாலந்துக்கு வெளியேயும் போகலாம். மிலானில் இருக்கும் காரவாஜ்ஜோவின் பழக்கூடையில் (ஏறக்குறைய 1599) ஆப்பிளில் ஒரு புழு ஓட்டை, சில இலைகள் காய்ந்து சுருண்டிருக்கின்றன. லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533-இல் வரைந்த இரண்டு தூதர்களின் படம் ஸ்டில் லைஃப் அல்ல. ஆனாலும் அவர்களுக்கு நடுவில் உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் லூட் வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது. அறுந்த தந்தி இணக்கம் குலைந்ததைக் குறிக்கும் என்பார்கள். ஐரோப்பாவில் மதச் சண்டை மூண்டிருந்த வருடங்கள் அவை.

மூன்றாம் படி: என்ன விலை, எந்த வழியாக வந்தது

நமக்கு இப்போது சாதாரணமாகப் படும் பொருள்கள் அன்று சாதாரணம் அல்ல. எலுமிச்சை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வர வேண்டும். நீல வேலைப்பாடு செய்த பீங்கான் கிண்ணம் சீனாவிலிருந்து. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது. அதற்குப் பின் வந்த ஐம்பது அறுபது வருட ஓவியங்களில் மேசைகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தால் அந்தக் கம்பெனியின் கப்பல் போக்குவரத்தே தெரியும். முதலில் ஹெர்ரிங் மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி. பிறகு வில்லெம் கால்ஃப் என்ற ஓவியரின் காலத்தில் துருக்கிக் கம்பளம், சிங்கி இறால், நாட்டிலஸ் சங்கில் செய்த கோப்பை.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் இவற்றில் மிகச் சின்னது. ஹார்லெம் ஓவியர்கள் வரைந்த காலை உணவு மேசைகளில் ஒரு காகிதச் சுருள் அடிக்கடி வரும். அச்சிட்ட தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் மிளகு. நம் மளிகைக் கடைப் பொட்டலமேதான். சில படங்களில் அந்தத் தாள் பஞ்சாங்கத்திலிருந்து கிழித்தது. நாள் பார்க்க வைத்திருந்த தாள், வருடம் முடிந்ததும் பொட்டலம் கட்ட வந்துவிட்டது. அதற்குள் பாதி உலகம் சுற்றி வந்த மிளகு. இந்த ஒரு பொருளில் காலமும் கடலும் இருக்கின்றன. 'மிளகு என்றால் செல்வம்' என்று எழுதி முடித்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும்.

துலிப் பூவுக்கும் இந்தக் கேள்வி அவசியம். சிவப்பும் வெள்ளையும் தீச்சுடர் போலக் கோடு கோடாக ஓடும் துலிப் வகைகளுக்குத்தான் அன்று அதிக விலை. அந்தக் கோடுகள் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோயால் வருபவை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. கிழங்கின் விலை ஏறி ஏறி, 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்தது. ஆகவே துலிப் இருக்கும் ஓவியம் 1637-க்கு முன்னாலா பின்னாலா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூ ஒன்றுதான் என்றாலும் வாங்கியவர் மனசு ஒன்றாக இருந்திருக்காது.

ஒரு மேசையில் சர்க்கரை, புகையிலை இருந்தால் அங்கேயும் நில்லுங்கள். அட்லாண்டிக் கரையில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பண்டங்கள் அவை. ஓவியர் அதைச் சொல்ல நினைத்து வரையவில்லை. இருந்தாலும் அது அந்த மேசையில் இருக்கிறது, இன்று பார்க்கிற நாம் அதைப் பார்க்காமல் விட முடியாது.

நான்காம் படி: இது நடக்கக்கூடிய காட்சியா?

பூ ஓவியங்களுக்கு மட்டும் இந்தப் படி. மவுரிட்ஸ்ஹாயிஸில் அம்ப்ரோசியுஸ் போஸ்கார்ட் வரைந்த ஜன்னலோரப் பூச்சாடி இருக்கிறது, ஏறக்குறைய 1618. வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்கள் அதில் ஒன்றாக நிற்கின்றன. அப்படியொரு பூங்கொத்தை அன்று யாரும் கையில் பிடித்திருக்க முடியாது. ஒவ்வொன்றையும் பூக்கிற காலத்தில் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு பிறகு சேர்ப்பார்கள். சிலர் பூவுக்காகவே காத்திருந்தார்கள். யான் வான் ஹாயிசும் என்ற ஓவியர் 1742-இல் எழுதிய ஒரு கடிதத்தில், போன வருடம் மஞ்சள் ரோஜா கிடைக்காததால்தான் படம் முடியவில்லை என்கிறார்.

அப்படியானால் 'வாடும் பூ என்றால் நிலையாமை' என்பதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒன்றாகப் பூக்கவே முடியாதவற்றை ஓவியர் ஒன்றாகப் பூக்க வைத்து, வாடாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே சாடியில் இருக்கின்றன.

ஐந்தாம் படி: பக்கத்தில் யார்

திராட்சை என்றால் என்ன? வெறுமனே கேட்டால் பதில் கிடையாது. யான் டேவிட்ஸ் டி ஹேம் 1648-இல் வரைந்த ஒரு ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. நடுவில் நற்கருணைக் கிண்ணமும் அப்பமும், சுற்றிலும் கனிகளால் ஆன மாலை. அங்கே திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும் கிறிஸ்துவின் இரத்தமும் உடலும்தான், சந்தேகமே வேண்டாம். அதே திராட்சை ஒரு சிங்கி இறாலுக்கும் வெள்ளித் தட்டுக்கும் பக்கத்தில் இருந்தால் முதலில் அது பழம்.

சேர்க்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பொருள் மட்டும் ஒன்றைச் சொல்வதாகத் தோன்றினால் சந்தேகப்படுங்கள். மூன்று பொருள்கள் சேர்ந்து ஒன்றையே சொன்னால் நம்பலாம்.

ஆறாம் படி: அந்த ஊர், அந்தக் காலச் சாட்சியைக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நமக்குத் தோன்றுகிற பொருளை அன்று வாங்கியவருக்கும் தோன்றியிருக்குமா? அதற்கு எழுத்துச் சாட்சி வேண்டும். நல்லவேளையாக நிறையவே இருக்கிறது.

முதல் சாட்சி பைபிள். இவ்வகை ஓவியங்களில் மரணத்தை நினைவூட்டுபவற்றுக்கு 'வானிட்டாஸ்' என்று பெயர். அது பிரசங்கி புத்தகத்தின் லத்தீன் வரியிலிருந்து வந்தது. தமிழ் பைபிளில் அந்த வரி "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று இருக்கிறது. 'மாயை' என்ற சொல்லுக்கு நம் காதில் வேதாந்தத்தின் ஓசையும் சேர்ந்து கேட்கும், அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க வேண்டும். இங்கே உலகம் பொய்த்தோற்றம் என்று சொல்லவில்லை. மூச்சுக்காற்று போல, இருந்து கலைந்துவிடுவது என்ற அர்த்தம். அதனால்தான் புகை. அதனால்தான் சோப்புக் குமிழி. யாக் டி கெய்ன் 1603-இல் வரைந்த வானிட்டாஸில், தனி ஓவியமாக வந்தவற்றில் இதையே மிகப் பழையதாகச் சொல்கிறார்கள், மண்டை ஓட்டின் மேலே ஒரு பெரிய குமிழி மிதக்கிறது.

இரண்டாம் சாட்சி, அன்று வீடுகளில் புழங்கிய படப் பழமொழிப் புத்தகங்கள். ஒரு சின்னப் படம், மேலே ஒரு வாசகம், கீழே விளக்கம். ஆம்ஸ்டர்டாம் வணிகர் ரூமர் விஸ்கர் 1614-இல் வெளியிட்ட 'சின்னபாப்பன்' அவற்றில் புகழ்பெற்றது. அதில் துலிப் படத்துக்கு, மூடனும் அவன் பணமும் சீக்கிரம் பிரிந்துவிடுவார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். துலிப் சந்தை சரிவதற்கு 23 வருடம் முன்பே! சங்குகளின் படத்துக்கு, முட்டாள் எதிலெல்லாம் காசைப் போடுகிறான் என்ற வியப்பு. ஒரு வானிட்டாஸ் ஓவியத்தில் அரிய சங்கைப் பார்க்கும்போது இந்தச் சாட்சி கையில் இருந்தால் நமக்குத் துணிச்சல் வரும்.

மூன்றாவது, ஓவியத்துக்கு வெளியே அதே மக்கள் விட்டுப்போன சின்னங்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்திருப்பார்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் அது. ஹாலந்தில் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய அதே நினைப்பை, வெயில் கொளுத்தும் நம் கடற்கரையிலும் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஓவியங்கள் எங்கோ தூர தேசத்துச் சமாச்சாரம் என்று தோன்றும்போதெல்லாம் நான் அந்த வாசலை நினைத்துக்கொள்வேன்.

சரி, சாட்சி பலவீனமாக இருந்தால்? கிளாரா பீட்டர்ஸ் வரைந்த பாலாடைக்கட்டி ஓவியம் (ஏறக்குறைய 1615, மவுரிட்ஸ்ஹாயிஸ்) நல்ல உதாரணம். அடுக்கிய பாலாடைக்கட்டிகளின் மேல் ஒரு தட்டில் வெண்ணெய்ச் சீவல். பால் பண்டத்தின் மேல் பால் பண்டம் சாத்தானின் வேலை என்று டச்சில் ஒரு பழமொழி உண்டு. அதை வைத்து, இது பேராசையைக் கண்டிக்கும் படம் என்று சிலர் வாசித்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த வெண்ணெயை அவர் வரைந்திருக்கும் ஆசையைப் பார்த்தால் கண்டிப்பதாகத் தெரியவில்லை. ஆய்வாளர்களிடையேயும் இந்த வழக்கு பழையது. டச்சு ஓவியங்களுக்குள் மறைபொருள் இருக்கிறது என்று எடி டி யோங் காட்டினார். கண்ணால் பார்த்ததை வருணிப்பதே அந்தக் கலையின் உயிர் என்று 1983-இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் மறுத்தார். வானிட்டாஸ் ஓவியத்துக்கு முதலாமவர் பேச்சையும், பாலாடைக்கட்டிக்கு இரண்டாமவர் பேச்சையும் கேட்பேன்.

ஏழாம் படி: பளபளப்பான பரப்புக்குள் தேடுங்கள்

கிளாரா பீட்டர்ஸின் அந்த ஓவியத்தில் ஒரு வெள்ளிக் கத்தி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் அவர் பெயரே பொறித்திருக்கிறது. குடுவையின் உலோக மூடியைப் பெரிதாக்கினால் ஒரு பெண்ணின் முகம், அவருடைய முகம். வேறு ஓவியங்களில் தங்கக் கோப்பையின் குமிழ்களில் தன்னைத் தூரிகையோடு திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். நியூரம்பர்கில் உள்ள பீட்டர் க்ளாஸின் வானிட்டாஸிலும் ஒரு கண்ணாடி உருண்டைக்குள் ஓவியர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். எல்லாம் அழியும் என்று சொல்கிற மேசையில், 'இதை வரைந்தது நான்' என்ற கையெழுத்தும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது ஒரு ஓவியத்தை முழுதாக

லண்டன் நேஷனல் கேலரியில் ஹார்மன் ஸ்டீன்விக்கின் வானிட்டாஸ், ஏறக்குறைய 1640. ஓக் பலகை, சுமார் 39-க்கு 51 சென்டிமீட்டர். பெயரெச்சப் பட்டியல் போடுவோம்: திறந்துவைத்த பைக்கடிகாரம், அணைந்து புகையும் விளக்கு, ஓசையற்றுக் கிடக்கும் குழல்களும் கவிழ்த்த லூட்டும், உறையில் கிடக்கும் ஜப்பானிய வாள், உயிர்போன சங்கு, மேசையில் கிடக்கும் புத்தகங்கள், மடிந்து சரியும் பட்டுத் துணி, ஓரத்தில் ஒரு மண் குடுவை, பல்லிளிக்கும் மண்டை ஓடு.

நேரம்: புகை சொல்கிறது, இப்போதுதான். விலை: வாளும் சங்கும் கப்பலில் வந்தவை. ஜப்பானின் ஹிராடோவில் டச்சுக்காரர்கள் 1609 முதல் வியாபாரம் செய்தார்கள். சேர்க்கை: வாள் வலிமை, சங்கு செல்வம், குழல் இன்பம், புத்தகம் அறிவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே விளக்கும் கடிகாரமும் இருக்கின்றன. சாட்சி: சங்குக்கு விஸ்கர், மற்றதற்கெல்லாம் பிரசங்கி.

படத்தில் பாதிக்கு மேல் வெறும் சுவர். இடது மேல் மூலையிலிருந்து ஒரு ஒளிக்கற்றை சாய்வாக இறங்கி நேரே மண்டை ஓட்டில் விழுகிறது. அந்த வெறுமையையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு பொருள்தான்.

அப்புறம் அந்தக் குடுவை. அதன் அடியில், மேலே வண்ணம் பூசி மறைத்த இன்னொரு உருவம் இருக்கிறது: இலை மாலை சூடிய ஒரு மனிதனின் மார்பளவுச் சிலை. ஸ்டீன்விக் முதலில் புகழை வைத்திருக்கிறார், பிறகு அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரணக் குடுவையை வைத்திருக்கிறார். ஏன் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த மேசையில் எதுவும் தற்செயலாக வந்து உட்காரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

நீங்கள் செய்து பார்க்க

முதலில் ஆம்ஸ்டர்டாம் வான் கோ மியூசியத்தில் இருக்கும், வான் கோ 1885-இல் வரைந்த ஓவியம்: விரித்துவைத்த பெரிய பைபிள், படித்துப் படித்து ஓரம் நைந்த ஒரு நாவல், எரியாத மெழுகுவர்த்தி. பாதிரியாரான அவர் அப்பா அதே வருடம் மார்ச்சில் இறந்தார், அந்த பைபிள் அப்பாவுடையது. நாவல் மகன் படித்தது. இரண்டு பெயரெச்சங்களுக்கு நடுவில் ஒரு குடும்பமே இருக்கிறது, பூக்களுக்கான நான்காம் படி போக மற்ற ஆறு படியும் தேவைப்படும்.

அதை முடித்துவிட்டு ரைக்ஸ் மியூசியத்தில் அட்ரியான் கூர்ட்டின் ஆஸ்பாரகஸைத் திறங்கள், 1697. இருண்ட பின்னணியில் ஒரு கல் விளிம்பு, அதன் மேல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு வெள்ளைத் தண்டுகள். வேறு ஒன்றும் கிடையாது. உங்கள் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் வரும். அதை எழுதிவிட்டு, தண்டுகளின் நுனியில் வெளிச்சம் ஊடுருவிப் போவதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள்.